நுகர்வும் வேட்கையும்

உடம்போடு கூடி வாழும் உயிர்க்கு ஒரு நாளில் வந்து பொருந்தும் உணர்ச்சிகள் எண்ணிறந்தன. விடியலிற் குளிர்காற்று மேனியிற் படுகின்றது. நண்பகலில் வெயில் சுடுகின்றது. பசி வயிற்றைக் கிள்ளுகின்றது. உண்டபின் ஒருவகை நிறைவு தோன்றுகின்றது. நெடுநேரம் அமர்ந்து படித்தமையால் முதுகு நோகின்றது. இவற்றுள் இனியனவற்றை ‘இன்னும் சிறிது நில்’ என்று பிடித்து வைக்க முயல்கின்றோம். இன்னாதனவற்றை ‘இக்கணமே போ’ என்று தள்ள முயல்கின்றோம். நாள் முழுதும் நாம் செய்யும் செயல்களிற் பெரும்பகுதி இவ்விரு முயற்சிகளுள் ஒன்றாகவே முடிகின்றது. ஆயினும் இனியது நாம் பிடித்தமையால் நின்றதும் இல்லை. இன்னாதது நாம் வெறுத்தமையாற் கடிதில் நீங்கியதும் இல்லை. எஞ்சுவது மனத்தின் இளைப்பு ஒன்றே.

இனியதாயினும் இன்னாததாயினும் மேனியில் எழும் உணர்ச்சியை உள்ளவாறே ஏற்று, அதனைப் பற்றாமலும் தள்ளாமலும் நோக்கியிருக்கப் பழக்கும் தியான முறை ஒன்று உண்டு. அதனை இக்காலத்தார் விழிப்புத் தியானம் என்றும், விபசனா என்றும் பலவாறு வழங்குவர். அம்முறை யாது, அஃது எவ்வாறு பயன் தருகின்றது, அதன் எல்லை யாது என்பவற்றைத் தென்காசியிலும் குற்றாலத்திலும் உடம்பு பெறும் அனுபவங்களைக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்விடங்களைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. இன்பமும் துன்பமும் ஒரே பொருளினின்று, ஒன்றன்பின் ஒன்றாக, சில நொடிகளுக்குள் பிறத்தலை அங்கே எவரும் எளிதிற் காணலாம்.

அருவியும் மேனியும்

தென்காசி மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சாரலில் அமைந்த பழம்பதி. 2019 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 22 ஆம் நாள் தொடங்கித் தனி மாவட்டத்தின் தலைநகராய் விளங்குவது. மலைக்கு அப்பால் மலையாள நாட்டில் தென்மேற்குப் பருவமழை பெய்யுங்கால், செங்கோட்டைக் கணவாயின் வழியே ஈரக்காற்று இப்பாற் புகுகின்றது. ஆகலின், பிற தமிழ் மாவட்டங்கள் வெயிலால் வாடும் ஆனி, ஆடித் திங்கள்களில் இங்கே சாரல் தூறுகின்றது. பாண்டியன் பராக்கிரமன் எடுப்பித்த காசிவிசுவநாதர் கோயிலின் கோபுரவாயிலில் அந்நாட்களில் நிற்பார்க்கு ஆளையே தள்ளும் வேகத்தோடு அக்காற்று வீசும். அங்கிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குற்றாலம். சிற்றாற்றின் நீர் தேனருவி, செண்பகாதேவி அருவி என மலைமேல் இறங்கி, அடிவாரத்திற் பேரருவியாய் வீழ்கின்றது. ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் என்பனவும் அயலே உள்ளன.

முதன்முறை அருவிக்குட் புகுவான் ஒருவனை நோக்குமின். நீர் தலையிற் பட்ட கணத்தில் அவன் தோள்கள் குறுகுகின்றன, மூச்சு உள்ளே இழுபடுகின்றது, பற்கள் நறநறக்கின்றன. ‘அப்பா, என்ன குளிர்!’ என்று பின்வாங்குகின்றான். சிறிது பொறுத்து மீண்டும் புகுகின்றான். இம்முறை மூச்சு தானே சீர்ப்படுகின்றது. இரண்டொரு நிமிடத்திற்குள் அதே நீர் அவனுக்கு இனிதாகின்றது. அரை நாழிகை சென்றபின், வெளியே வருக என்று உடன்வந்தோர் கூவினும் அவன் செவியில் அஃது ஏறுவதில்லை. வரிசையிற் பின்னின்றோர் நெருக்கித் தள்ளவே, முகம் சுளித்துக்கொண்டு வெளிவருகின்றான். முதலில் நீரை வெறுத்தவனும் அவனே. பின்னர் அதனை விட மனமின்றி வருந்தியவனும் அவனே. நீரோ மாறிற்றில்லை. ஆயின் மாறியது யாது என்பதே வினா.

இதற்கு உடல்நூலார் கூறும் விடை ஒரு பாதி. தோலின்கண் பரந்து கிடக்கும் நரம்பு நுனிகளிற் சில குளிர்க்கும், சில வெம்மைக்கும், சில தொடுதலுக்கும் அழுத்தத்திற்கும் உரியன. குளிரை அறியும் நுண்வாயிலாகிய ஒரு புரதத்தை டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் என்னும் அறிஞர் இருவரும் 2002 ஆம் ஆண்டிற் தனித்தனியே ஆராய்ந்து வெளியிட்டனர். அதற்கு முன்னரே, 1997 இல், மிளகாயின் காரப்பொருளைக் கொண்டு வெம்மையை அறியும் வாயிலை ஜூலியஸ் குழுவினர் கண்டனர். சுடுநீரும் மிளகாயும் நாவில் ஒரே சொல்லாற் ‘சுடுகிறது’ எனப்படுதற்குக் காரணம், இரண்டும் ஒரே வாயிலைத் திறத்தலேயாம். தொடுதலை அறியும் வாயிலைப் பட்டபூட்டியன் 2010 இற் கண்டார். இவ்வாராய்ச்சிகளுக்காக அவ்விருவருக்கும் 2021 ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. ஒரே குளிர் நீடித்து நிற்குமாயின் இவ்வாயில்கள் முதற்கண் எழுப்பிய ஆரவாரத்தைக் குறைத்துக்கொள்ளும். அருவியிற் புகுந்தானுக்குக் குளிர் தணிந்தது போலத் தோன்றுதற்கு இஃது ஒரு காரணம்.

எனினும் ‘இனிது’, ‘இன்னாது’ என்பன தோலில் எழுதப்பட்டிருப்பன அல்ல. விழைவோடு புகுந்தானுக்கு இனிதாகும் நீர், சுரத்தோடு நடுங்குவானுக்குக் கொடிதாகின்றது. ஆகவே, உணர்ச்சி என்று நாம் ஒரு பெயரால் வழங்குவது உண்மையில் ஒன்று அன்று, பல படிகளையுடையது. அப்படிகளைப் பிரித்துக் காட்டும் பணியைத் தமிழ் நூல் ஒன்று நெடுங்காலத்திற்கு முன்னரே செய்துள்ளது.

நூல்கள் காட்டும் நெறி

அந்நூல், சாத்தனார் இயற்றிய மணிமேகலை. 1898 இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்டமையால் மீண்டும் உலவலாயிற்று. அதன் இறுதிக் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அறத்தை அறிவுறுத்துகின்றார். பேதைமை முதலாக வினைப்பயன் ஈறாக ஒன்றையொன்று சார்ந்து தோன்றும் பன்னிரு நிதானங்கள் ஆங்கே கூறப்படுகின்றன. அவற்றின் நடுவண் நிற்பன வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்னும் ஐந்தும். இவ்வைந்துமே எம் பொருளுக்கு இன்றியமையாதன.

வாயில் என்பது புலன். ஊறு என்பது புலனும் பொருளும் கூடுதல். நுகர்வு என்பது அக்கூட்டத்தால் எழும் அனுபவம்; பாலி நூலார் இதனை வேதனை என்பர். அச்சொல் அவர்க்குத் துன்பத்தை மட்டும் குறியாது, இன்பம், துன்பம், இரண்டும் அல்லாதது என்னும் மூன்றையும் ஒருங்கே குறிக்கும். நுகர்வினைத் தொடர்ந்து வருவது வேட்கை. எத்துணை நுகரினும் போதாமை என்பதே அதன் இயல்பு. வேட்கை முற்றிப் பசைபோல் ஒட்டிக்கொள்ளின் அது பற்று.

இனி, அருவியில் நின்றானை இந்நூற் கண்கொண்டு நோக்குவோம். தோல் வாயில், நீர் பட்டது ஊறு, குளிர்ந்து இனித்தது நுகர்வு. இம்மட்டில் யாதொரு குற்றமும் இல்லை. ‘இன்னும் வேண்டும்’ என்றது வேட்கை. உடன்வந்தோர் அழைப்பும் செவிபுகாதவாறு ஒட்டிக்கொண்டது பற்று. முதற்கண் குளிரைக் கண்டு பின்வாங்கியதும் வேட்கையின் மறுபுறமே. ‘இது வேண்டா’ என்னும் வேட்கை அது. நுகர்வை நம்மால் விலக்குதல் இயலாது. உடம்பு உள்ளமட்டும் ஊறும் நுகர்வும் உண்டு. நுகர்விற்கும் வேட்கைக்கும் இடையே ஒரு சிறு வெளி உள்ளது. அவ்வெளியைக் காணாதார்க்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். அதனைக் காணப் பழகுதலே விழிப்புத் தியானம்.

இது பிற நாட்டினின்று அண்மையில் வந்த புதுமை என்று கருதுவாரும் உளர். தமிழ்நாட்டிற்கு இந்நெறியோடு பழந்தொடர்பு உண்டு என்பதற்கு மணிமேகலையே சான்று. மற்றொன்றும் கூறலாம். குற்றாலத்திற்குத் தெற்கே உயர்ந்து நிற்பது பொதியமலை. அகத்தியர் வாழ்ந்ததாகச் சொல்லப்படுவது. பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரனார், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடத்து என்று பாடினார். அவலோகிதர் பௌத்தர் போற்றும் போதிசத்துவர். இது வரலாறு அன்று, நம்பிக்கையே எனினும், இம்மலையடியில் அந்நெறி அயலதாகக் கருதப்படவில்லை என்பது அதனாற் புலனாகும்.

திருக்குறளிலும் இதற்கு இயைந்த கருத்துக்கள் உள. பாலி மொழியில் இத்தியானத்திற்குரிய ‘சதி’ என்னும் சொல்லின் அடிப்பொருள் நினைவு, அஃதாவது மறவாமை என்பது. வள்ளுவர் ‘பொச்சாவாமை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் பொருளும் மறவாமையே. மிகுந்த சினத்தினும் மகிழ்ச்சி மயக்கத்தாற் பிறக்கும் மறதி கொடியது என்னும் கருத்தோடு அவர் அதனைத் தொடங்குதல் ஊன்றி நோக்கத்தக்கது. துன்பமே நம்மை நிலைகுலைக்கும் என்று நாம் எண்ணியிருக்க, அவர் இன்பத்தை எடுத்துக்காட்டி எச்சரிக்கின்றார். ‘இடுக்கணழியாமை’ என்னும் அதிகாரத்திலும், இன்பம் வந்தபோது அதனை மேன்மேலும் விழையாதவனே துன்பம் வந்தபோது அதனுள் ஆழாதவன் என்று உரைக்கின்றார். அரசனையும் உலகியல் வாழ்வையும் நோக்கிக் கூறிய கருத்துக்களாயினும், இவை மேனியின் சிறு உணர்ச்சிகளுக்கும் பொருந்துவன.

பயிலும் முறை

இனி, முறையைக் கூறுவோம். இதற்கு மலைக்குகை வேண்டுவதில்லை. தென்காசியில் ஒரு வீட்டுத் திண்ணை போதும். முதுகை நிமிர்த்தி, விறைப்பின்றி அமர்தல் வேண்டும். கண்களை மூடுதலும் ஆம், சிறிது தாழ்த்தி வைத்தலும் ஆம். முதலில் மூச்சு மூக்கின் வாயிலில் உரசிச் செல்லுதலை நோக்குக. மூச்சை ஆள முயல வேண்டுவதில்லை; அது நெடிதாயின் நெடிது, குறிதாயின் குறிது. மனம் வேறிடத்திற்குப் போகும். போயிற்று என்று அறிந்த அப்பொழுதே மீட்டுக் கொணர்க. போயிற்றே என்று தன்னைக் கடிந்துகொள்ளுதல் மனத்தின் மற்றோர் ஓட்டமேயாகலின், அதுவும் வேண்டா.

மனம் சிறிது அடங்கியபின், உச்சி தொடங்கி உள்ளங்கால் ஈறாக ஒவ்வோர் உறுப்பாகக் கருத்தைச் செலுத்துக. நெற்றியில் வியர்வை, தோளிற் சட்டையின் உராய்வு, கையில் நாடித்துடிப்பு, தொடையில் தரையின் அழுத்தம் என இதுகாறும் கவனியாத பல புலப்படும். அவற்றுட் பெரும்பாலான இனியனவும் அல்ல, இன்னாதனவும் அல்ல. மூன்றாவதாகச் சொல்லிய இரண்டுமல்லா நுகர்வு நம் வாழ்நாளிற் பெரும்பகுதியை நிறைத்துக்கொண்டிருந்தும் நாம் அதனைக் கண்டதில்லை என்பது இப்பயிற்சியாற் தெரியவரும்.

பத்து நிமிடத்திற்குள் எங்கேனும் ஓர் அரிப்பு எழும். கை தானே அவ்விடம் நோக்கி எழும். ஆண்டே பயிற்சியின் உயிர்நிலை உள்ளது. சொறிதலைச் சற்றே நிறுத்தி நான்கு வினாக்களை வினவுக. இவ்வுணர்ச்சி எங்கே உள்ளது? எத்தன்மையது; குத்துகின்றதா, ஊர்கின்றதா, எரிகின்றதா? இஃது இனிதா, இன்னாதா? மனம் இதன்பால் யாது செய்யத் துடிக்கின்றது? இவ்வாறு நோக்குங்கால், ‘பொறுக்கலாகாதது’ என்று எண்ணிய அரிப்பு கணந்தோறும் மிகுவதும் குறைவதும் இடம்பெயர்வதும் ஆகிப் பெரும்பாலும் தானே அடங்கும். அடங்காதாயின், சொறிகின்றோம் என்னும் அறிவோடு மெல்லச் சொறிதலால் குற்றம் ஒன்றும் இல்லை. கால் மரத்து நோவெடுப்பினும் இவ்வாறே. நோவை முதலில் அறிக, மாற்ற வேண்டும் என்னும் எண்ணத்தை அறிக, அதன்பின் அறிவோடு காலை மாற்றுக. அரிப்பை வெல்லுதல் இங்குக் குறிக்கோள் அன்று. உணர்ச்சி வேறு, அதன்மேல் எழும் துடிப்பு வேறு என்று காண்டலே குறிக்கோள்.

பேரருவியின் அமைப்பு இதனை விளங்கச் செய்யும். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தினின்று வீழும் நீர் நேரே மனிதன் தலையில் வீழுமாயின் எவரும் நிற்றல் இயலாது. இடையிலே பாறையில் ‘பொங்குமாங்கடல்’ என்னும் ஆழ்ந்த குழி ஒன்று உள்ளது. மேலிருந்து விழும் நீர் அதனுள் வீழ்ந்து வேகம் தணிந்து, பொங்கிப் பரந்து, பின்னரே கீழே இறங்குகின்றது. ஆதலாற்றான் முதியோரும் சிறாரும் அடியில் நின்று நீராடுகின்றனர். உணர்ச்சிக்கும் செயலுக்கும் இடையே விழிப்பு செய்யும் பணியும் அத்தகையதே. அது நீரைத் தடுப்பதில்லை. நிற்பதற்கு நமக்கு இடம் தருகின்றது.

இனியதே அரியது

இப்பயிற்சியை மேற்கொள்வோர் பலர் துன்ப உணர்ச்சியையே பெரிதெனக் கருதுவர். எமக்கோ இன்ப உணர்ச்சியே அரியதெனத் தோன்றுகின்றது. நோவு வந்தால் ‘நோவு வந்தது’ என்று அறிந்து விழித்துக்கொள்கின்றோம். இன்பமோ அறியாமலே நம்மைக் கொண்டுபோகின்றது.

குற்றாலத்திற் சாரற் காலத்திற் கடைகளிற் குவிக்கப்படும் மங்குஸ்தான் பழத்தை எடுத்துக்கொள்வோம். வாங்கியோர் பலர் நடந்துகொண்டும் உரையாடிக்கொண்டும் ஒன்றன்பின் ஒன்றாக உடைத்து உண்கின்றனர். முதற் சுளையின் இனிப்பு நாவில் இருக்கும்போதே கை அடுத்த பழத்தைத் தேடுகின்றது. உண்மையில் அவர் உண்பது முதற் பழத்தையும் அன்று, இரண்டாவதையும் அன்று, வேட்கையையே உண்கின்றனர். இனி, ஒரே ஒரு பழத்தைக் கையில் எடுத்து, அதன் தோலின் தடிப்பையும், உடைக்குங்கால் விரலிற் படும் சாயத்தையும், வெண்சுளையின் குளிர்ச்சியையும், இனிப்பொடு கலந்த புளிப்பையும், அச்சுவை நாவினின்று மெல்லத் தேய்ந்து மறைதலையும் ஈறுவரை நோக்கி ஒருமுறை உண்டு பார்க்க. இன்பம் குறைவதில்லை, முன்னினும் தெளிவாகின்றது. அதனோடு, அது முடிந்தது என்பதும் வருத்தமின்றி அறியப்படுகின்றது.

கோபுரவாயிற் காற்றும் அத்தகையதே. சாரல் என்றும் நில்லாது. புரட்டாசி பிறக்கச் சாரல் ஓய்ந்து கூட்டமும் குறையும். மழை பொய்த்த ஆண்டிற் பேரருவியே பாறையாய் நிற்கும். இனியதை ஏற்றல் என்பது அது வரும்போது மேனி குளிரப் பெறுதலும், போகும்போது கையை விரித்து விடுதலும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே. இன்பத்தை வெறுத்து ஒதுக்குதல் இந்நெறி அன்று. வெறுப்பும் ஒரு பற்றேயாம்.

மருத்துவர் கண்டவை

இந்நெறி இக்காலத்திற் பரவிய வரலாற்றையும் சிறிது கூறுதல் தகும். பர்மா நாட்டு மாந்தலையிற் பிறந்த சத்திய நாராயண கோயங்கா (1924–2013), ஊ பா கின் என்னும் இல்லறத்து ஆசிரியரிடம் விபசனாப் பயின்று, 1969 இல் இந்தியாவிற்கு வந்து அதனைப் பயிற்றலானார். 1976 இல் மகாராட்டிரத்தின் இகத்புரியில் அவர்தம் நிலையம் உருவாயிற்று. தமிழ்நாட்டிற் சென்னையை அடுத்தும் திண்டுக்கல்லை அடுத்தும் அம்மரபின் நிலையங்கள் உள. ஆண்டுப் பயில்வோர் 10 நாள் பேசாநோன்பு பூண்டு, முதல் மூன்று நாள் மூச்சையும், நான்காம் நாள் தொடங்கி மேனியின் உணர்ச்சிகளையும் நோக்குவர். கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் இயேசு சபைக் குருவாகிய அருள் மரிய ஆரோக்கியசாமி 1996 இல் ‘போதி ஜெண்டோ’ என்னும் ஜென் தியான இல்லத்தைத் தொடங்கினார். வேதத்தைக் கைவிடாமலே ஒரு கிறிஸ்தவன் தன் மேனியையும் மூச்சையும் அமைதியாக நோக்கக் கற்கலாம் என்பதற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு.

மேனாட்டில், 1979 ஆம் ஆண்டு மாசச்சூசெட்ஸ் மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் என்பார், மருந்தால் தீராத நெடுநோவுற்றோர்க்கு இத்தியானத்தைச் சில வாரப் பயிற்சியாக வகுத்துக் கற்பித்தார். அதில் முதற்பாடம், மேலே மங்குஸ்தானைக் கொண்டு யாம் கூறியதைப் போல, ஓர் உலர்ந்த திராட்சையை விழிப்போடு உண்ணுதலாகும். அதே 1979 இல் உலகநாடுகளின் நோவாராய்ச்சிக் கழகத்தார் நோவிற்கு இலக்கணம் வகுத்தபோது, அது புலனுணர்ச்சியும் மனவுணர்ச்சியும் ஒருங்கு சேர்ந்ததோர் அனுபவம் என்றனர். இவ்விலக்கணம் ஆராய்ச்சிக்கு வழிதிறந்தது. நோவின் அளவு வேறு, அதன் இன்னாமை வேறு எனத் தனித்தனியே அளக்கலாயினர்.

2011 இல் அமெரிக்க அறிஞர் ஃபாடெல் ஸெய்தானும் அவர் குழுவினரும் 15 பேரைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாளொன்றுக்கு 20 நிமிடமாக 4 நாள் தியானம் பயின்ற அவர்தம் காலிற் சூடு வைத்து வினவியபோது, நோவின் அளவு 40 விழுக்காடும், இன்னாமை 57 விழுக்காடும் குறைந்தமை காணப்பட்டது. இன்னாமையே மிகுதியாகக் குறைந்தது என்பதை ஈண்டு நோக்குக. ஆய்வுக்கு உட்பட்டோர் சிலரே ஆகலின், இவ்வெண்களை எல்லோர்க்கும் உரியனவாகக் கொள்ளலாகாது. ஆயினும் அவை காட்டும் திசை பழநூலோடு பொருந்துகின்றது. துன்பம் நேர்ந்த பேதையை ஓர் அம்பு தைத்தபின் இரண்டாம் அம்பும் தைக்கின்றது என்று பாலி மறைநூலிற் புத்தர் ஓர் உவமை கூறுகின்றார். முதல் அம்பு மேனியின் நோவு. இரண்டாவது அதனை வெறுத்து மனம் தனக்குத்தானே எய்துகொள்வது. முதலாவதை அறிஞனும் தவிர்த்தல் இயலாது, இரண்டாவதைத் தவிர்க்கலாம்.

ஏற்றல் எதுவன்று

இனி, ஒரு கடுமையான வினா எஞ்சி நிற்கின்றது. தென்காசியைச் சூழ்ந்த ஊர்களிற் பெண்டிர் பல்லாயிரவர் பீடி சுற்றிப் பிழைக்கின்றனர். மடியிற் சுளகை வைத்து, தலையைக் குனிந்து, இலையை வெட்டி, புகையிலைத் தூளை இட்டுச் சுருட்டி, நூலாற் கட்டி, காலை முதல் விளக்கேற்றும் வரை ஒரே நிலையில் அமர்ந்திருக்கும் அவர்தம் கழுத்தும் முதுகும் விரல்களும் நோவாதிருத்தல் எங்ஙனம்? அவரை நோக்கி, ‘நோவை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லுதல் அறமாகுமா? கல்லூரியில் நாற்காலியில் அமர்ந்து தியானத்தைப் பற்றி எழுதுவார்க்கு இவ்வினாவைத் தாண்டிச் செல்லும் உரிமை இல்லை.

யாம் கருதுவது இது. ஏற்றல் என்பது ‘இவ்வுணர்ச்சி இப்போது உள்ளது’ என்று உண்மையை ஒப்புதல். ‘இதன் காரணம் இவ்வாறே இருக்கட்டும்’ என்று ஒப்புதல் அன்று. முன்னையது மனத்தின் தெளிவு, பின்னையது அடிமைத்தனம். நோவை மறந்து மறந்து வேலை செய்வோரே நெடுநாள் கழித்து மருத்துவரிடம் செல்கின்றனர். நோவு எங்கே, எப்போது, எந்நிலையில் மிகுகின்றது என்று நோக்கியறிந்தவள் இடையிடையே எழுந்து நடப்பாள். மருத்துவரிடம் தெளிவாகச் சொல்வாள். கூலியையும் வேலை நேரத்தையும் பற்றிக் கேட்க வேண்டியதையும் பதறாமற் கேட்பாள். தன் நோவைத் தான் ஏற்றல் ஒரு வலிமை; பிறர் நோவை அவரே ஏற்க வேண்டும் என்று நாம் கட்டளையிடுதல் கொடுமை. பிறர் துன்பத்திற்கு நாம் செய்யக்கடவது உதவியே.

இரண்டாவது, ஏற்றல் என்பது இடரை மதியாமை அன்று. 2024 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். மேலே மலையிற் பெய்த மழை கீழே நீராடுவார்க்குத் தெரிவதில்லை. நீரின் ஓசையும் நிறமும் மாறும்போது, காவலர் ஊதலை ஊதும்போது, உடம்பில் எழும் அச்சமும் ஓர் உணர்ச்சியே. அதனை ஏற்றல் என்பது அது சொல்லுவதைக் கேட்டு உடனே கரையேறுதல். நெஞ்சுவலியும் அத்தகையதே, அதன்முன் அமர்ந்து தியானித்தல் பேதைமை.

மூன்றாவது, இது மனநோய்க்கு மாற்று மருந்து அன்று. முற்காலத்திற் சித்தம் கலங்கியோரைக் குற்றாலத்திற்குக் கொணர்ந்து அருவியின்கீழ் நிறுத்தும் வழக்கம் இருந்தது. விரும்பிப் புகுந்தானுக்கு இனிதாகும் நீர், பிடித்து நிறுத்தப்பட்டானுக்கு எங்ஙனம் இருந்திருக்கும்! தியானமும் அவ்வாறே, பிறர் வலியுறுத்தப் பயிலத்தக்கது அன்று. கடுந்துயரோ பழைய அதிர்ச்சியோ உடையார், நெடிய தியானத்தில் மேனியை நோக்குங்கால் கலக்கம் மிகுதலும் உண்டு. அவர் மருத்துவர் துணையோடு சிறிது சிறிதாகப் பழகுதலே நன்று.

நான்காவது, இது மரத்துப்போதல் அன்று. கல்லாய்ச் சமைந்தானுக்கு நோவும் இல்லை, சாரலின் இனிமையும் இல்லை. இந்நெறியிற் பழகினார்க்கு உணர்ச்சிகள் முன்னினும் கூர்மையாகவே புலப்படும். அவற்றின்பின் ஓடும் ஓட்டமே குறையும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வாயிலும் ஊறும் நுகர்வும் உடம்பின் இயல்பு என்பதும், வேட்கையும் பற்றும் மனத்தின் பழக்கம் என்பதும் விளங்கும். இயல்பை மாற்ற முயல்வார் வருந்துவர். பழக்கத்தை மாற்ற முயல்வார்க்கு ஒருநாளேனும் பயன் உண்டு. பெரிய துன்பம் வந்தபின் பயிலலாம் என்று இருத்தல் வெள்ளம் வந்தபின் நீந்தக் கற்பதை ஒக்கும். சிறு அரிப்பிலும், சிறு பசியிலும், ஒரு குவளைத் தண்ணீரின் குளிர்ச்சியிலும் பழகியவனுக்கே பெருநோவின்முன் அப்பழக்கம் துணைநிற்கும். தேர்வுக் காலத்தில் நள்ளிரவில் விழித்திருந்து படிக்கும் எம்போன்ற மாணவர்க்குக் கழுத்து நோவும் கண்ணெரிச்சலும் குறைவில்லை. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் அவற்றை நோக்கி அமர்தற்குப் பொருளும் வேண்டுவதில்லை, இடமும் வேண்டுவதில்லை. அடுத்த ஆனியிற் சாரல் தொடங்கி அருவிக்குச் செல்லும் நண்பர்கள், முதற் குளிரில் ஒருகணமும், வெளிவரும்போது ஒருகணமும் தம் மனம் யாது செய்கின்றது என்று நோக்கி வருவாராக.